மிஸ்ட் வைத்து அழகுச் செடிகளைப் பெருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிஸ்ட் போட்டு கட்டிங் (வேர் விடுவதற்காக வெட்டி நடும் தண்டு) வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் சந்தேகம் கேட்கிறார்கள். முதலில் “தேவையா?”, அப்புறம் “எவ்வளவு நேரம்?”, அப்புறம் “ஏன் அழுகுது?”. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்து, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் வரும் எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வெயிலையும் காற்றையும் பார்த்து மாற்ற வேண்டிவரும்.

மிஸ்ட்டுன்னா என்னங்க? ஸ்பிரேயர்ல தண்ணி அடிக்கிறதுதானே?

அடிப்பது தண்ணீர்தான், ஆனால் நோக்கம் வேறு. வெட்டி நட்ட தண்டுக்கு வேர் கிடையாது, இலை மட்டும் இருக்கிறது. இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், கீழிருந்து ஈடுகட்ட ஆள் இல்லை. அதனால்தான் வெயிலில் வைத்த கட்டிங் சில மணி நேரத்திலேயே தலை தொங்கிவிடுகிறது. இலைமேல் மெல்லிய ஈரப்படலம் ஒன்று எப்போதும் இருந்தால், அது ஆவியாகும்போது இலை குளிர்கிறது, இலையைச் சுற்றியுள்ள காற்றும் ஈரமாகிறது. இலைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறும் வேகம் சட்டென்று குறைகிறது.

மிஸ்ட் வேரை வரவழைக்காது. வேர் வரும்வரை இலையை உயிரோடு வைத்திருக்கும், அவ்வளவுதான். பின்னால் வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்: நனைய வேண்டியது இலை, தண்டின் அடி அல்ல.

மிஸ்ட், ஃபாக் ரெண்டும் ஒண்ணா?

துளியின் அளவுதான் வித்தியாசம். மிஸ்ட் துளி ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். இலையில் விழும், இலையை நனைக்கும், மிச்சம் கீழே இறங்கும். ஃபாக் என்று சொல்லும் புகைமூட்டத்தில் துளி 20 மைக்ரானுக்கும் குறைவு. அது காற்றிலேயே மிதக்கும், இலையை அவ்வளவாக நனைக்காது. அழுகலுக்குப் பயப்படும் செடிகளுக்கு ஃபாக் மேல். ஆனால் அதற்கு அதிக அழுத்தப் பம்பும் மிகச் சுத்தமான தண்ணீரும் வேண்டும். தொடங்குகிறவருக்கு மிஸ்ட் போதும்.

எல்லாச் செடிக்கும் இது வேணுமா?

வேண்டாம். இலையோடு கூடிய இளந்தண்டு, பாதி முற்றிய தண்டு இரண்டுக்கும்தான் மிஸ்ட்டின் அருமை தெரியும். செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, மல்லிகை, ரோஜா, ஹைட்ராஞ்சியா, சாமந்தி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இலை இல்லாமல் நடும் முற்றிய தண்டுக்கு மிஸ்ட்டால் பெரிய லாபம் இல்லை.

சதைப்பற்றுள்ள செடிகள், கள்ளி வகைகள், வெட்டினால் பால் வடியும் ஈழத்தலரி (புளுமேரியா) போன்றவை வெட்டுவாய் காய்ந்த பிறகே நடப்பட வேண்டியவை. மிஸ்ட்டுக்குள் வைத்தால் அழுகிவிடும். இலையில் வெல்வெட் போல மயிர் இருக்கும் செடிகளும் சாம்பல்நிற இலைச் செடிகளும் அப்படித்தான். தண்ணீர் அந்த மயிரில் தங்கிக்கொண்டு இறங்காது. லாவெண்டர், பெலார்கோனியம் இரண்டையும் மிஸ்ட்டில் வைத்துவிட்டு “ஏன் கறுக்குது?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு தடவை எவ்வளவு நேரம் அடிக்கணும்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் கேள்விதான். நட்ட முதல் சில நாட்களுக்குப் பகலில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, 5 முதல் 10 விநாடி என்று தொடங்குங்கள். உச்சி வெயிலில், காற்று வீசினால், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை தேவைப்படலாம். மேகம் மூடிய நாளில் 20, 30 நிமிட இடைவெளி போதும். அடிக்கும் நேரத்தைக் கூட்டுவதைவிட இடைவெளியை மாற்றுவதே நல்லது. 30 விநாடி அடித்தாலும் இலையில் நிற்கும் தண்ணீர் அதே அளவுதான், மிச்சமெல்லாம் மண்ணுக்குத்தான் போகும்.

டைமரைவிட இலையைப் பாருங்கள். மிஸ்ட் அடித்ததும் இலை முழுக்கப் பளபளக்கும். சில நிமிடத்தில் ஓரங்கள் மங்கத் தொடங்கும், ஈரம் நடு நரம்பை ஒட்டி ஒரு கோடாகச் சுருங்கும். அந்தக் கோடு காய்வதற்குள் அடுத்த தடவை வர வேண்டும். ஓரம் மங்குவதற்கு முன்பே வந்துகொண்டிருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். இதை வரிசையின் நடுவில் நின்று பார்க்காதீர்கள். காற்று நுழையும் பக்கத்துக் கடைசிக் கட்டிங்தான் முதலில் காயும், அதைப் பார்த்துதான் முடிவெடுக்க வேண்டும். அப்புறம் நடவுக் கலவையில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்துங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

ராத்திரியும் ஓடணுமா?

பொதுவாக வேண்டாம். வெயில் இல்லை, பெரும்பாலான செடிகளில் இலைத்துளைகளும் மூடியிருக்கும். காலை வெயில் ஏறியதும் தொடங்கி, மாலை மங்குவதற்குச் சற்று முன் நிறுத்திவிடுங்கள். இரவெல்லாம் நனைந்த இலை பூஞ்சைக்கு விருந்து. இரவிலும் வறண்ட சூடான காற்று அடிக்கிறது என்றால், நட்ட முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் நடுவில் ஓரிரு தடவை ஓட விடலாம்.

மோட்டார், டைமர் எல்லாம் வாங்கணுமா? நான் பத்து கட்டிங்தான் வைக்கப் போறேன்.

பத்துக்கு எதற்கு? தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றோ, குச்சி ஊன்றி மேலே கவிழ்த்த பாலித்தீன் பையோ போதும். உள்ளே கைத்தெளிப்பானால் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அடித்தால் சரி. நேர் வெயில் மட்டும் படக்கூடாது. மூடிய பைக்குள் வெயில் பட்டால் வெப்பம் ஏறிக் கட்டிங் வெந்துவிடும்.

மிஸ்ட்டுக்கும் இப்படி மூடி வைக்கும் மூடாக்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசமே இதுதான். மிஸ்ட் இலையைக் குளிர வைப்பதால் அதிக வெளிச்சத்தைத் தாங்கலாம். வெளிச்சம் கூடினால் இலை உணவு தயாரிக்கும், வேரும் சீக்கிரம் வரும். மூடாக்கில் அந்த வசதி இல்லை, நிழலில்தான் வைக்க வேண்டும். நூறு, இருநூறு கட்டிங் என்று போனால் டைமர், சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), மிஸ்ட் நாசில், 3 முதல் 4 பார் அழுத்தம் தரும் பம்ப் என்று யோசிக்கலாம். அப்போதும் மேலே நிழல்வலை வேண்டும்.

தோட்டத்து மண்ணிலயே நடலாமா?

கூடாது. நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கும் இடத்தில் மண் இறுகிக் காற்றில்லாமல் போகும். வேர் உருவாக ஆக்சிஜன் வேண்டும். பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி, அல்லது பெர்லைட் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய பருமணலும் நல்லதுதான், கனம் மட்டும் கூடுதல். நைஸ் மணல் வேண்டாம். இந்தக் கட்டத்தில் உரமும் வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று, தட்டின் ஆழம். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகும் அடியில் நீர் நிறைந்த ஒரு படலம் நிற்கும். தட்டு ஆழமில்லாமல் இருந்தால் கட்டிங்கின் அடி நேராக அந்தப் படலத்தில் போய் உட்காரும். ஒரே கலவை ஆழமான குழித்தட்டில் நன்றாக இருக்கும், ஆழமில்லாததில் அழுகும். கலவையைக் குறை சொல்லும் முன் தட்டைப் பாருங்கள்.

கட்டிங்கை எப்படி வெட்டுறது?

காலையில், தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது வெட்டுங்கள். 8 முதல் 12 செ.மீ. நீளம், இரண்டு மூன்று கணு. கூர்மையான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிடுங்கள். பெரிய இலையைப் பாதியாக நறுக்கலாம், ஆனால் எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள். இலையைக் காப்பாற்றத்தானே மிஸ்ட்டே! பூ, மொட்டு இருந்தால் கிள்ளி எறியுங்கள். தாய்ச்செடி நோயில்லாமல், நன்றாக ஊட்டமுள்ளதாக இருக்க வேண்டும்.

ரூட்டிங் ஹார்மோன் கட்டாயமா? தேன், பட்டைத்தூள் போதாதா?

கோலியஸ், சாமந்தி மாதிரிச் செடிகளுக்கு எதுவுமே வேண்டாம், தானாக வேர் விடும். செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ போன்றவற்றில் ஹார்மோன் போட்டதும் போடாததும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 1935-லிருந்து இதற்குப் பயன்படும் ஐபிஏ என்ற இண்டோல் பியூட்டிரிக் அமிலம்தான் இன்றும் முதல் தேர்வு. இளந்தண்டுக்கு 500 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), பாதி முற்றியதற்கு 1000 முதல் 3000 பிபிஎம் என்ற அளவில் தொடங்கலாம். கரைசல் என்றால் 5 விநாடி முக்கினால் போதும். தூள் என்றால் தனியாகக் கொஞ்சம் கொட்டி எடுத்து, அதில் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். டப்பாவுக்குள் நேராக விடாதீர்கள், ஈரமும் நோயும் உள்ளே போகும்.

தேனிலும் பட்டைத்தூளிலும் வேர் ஊக்கி கிடையாது. பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கலாம் என்பதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஹார்மோன் அதிகமானாலும் ஆபத்துதான். அடித்தண்டு கறுத்து, வேருக்குப் பதில் வீக்கம் மட்டும் வரும்.

வேர் வர எத்தனை நாள் ஆகும்?

கோலியஸ் ஒன்றிரண்டு வாரம், சாமந்தி இரண்டு வாரம் வாக்கில். செம்பருத்திக்கு நான்கிலிருந்து ஆறு வாரம், காகிதப்பூவுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். வேர் இருக்கும் இடத்தின் வெப்பம் 21 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வேகம் கூடும். மிஸ்ட் தண்ணீர் கலவையைக் குளிர வைத்துவிடுவதால், குளிர்காலத்தில் தட்டுக்கு அடியில் வெப்பப் பாய் வைப்பார்கள்.

மேல துளிர் வந்துடுச்சு. வேர் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. தண்டில் சேமித்து வைத்திருந்த உணவில் துளிர் வந்திருக்கலாம். வேர் வருவதற்கு முன் துளிர்ப்பது நல்ல சகுனம்கூட அல்ல, இருக்கும் கையிருப்பை மேலே செலவழிக்கிறது என்று அர்த்தம். மேலே குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு என்பதுதான் வேருக்குச் சாதகம். மேலே வெப்பம் கூடினால் துளிர் முந்திக்கொள்ளும்.

இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். லேசான பிடிப்பு தெரிந்தால் வேர் இருக்கிறது. தினமும் பிடுங்கிப் பார்த்துத் திரும்ப நடுகிறவர்களுக்கு ஒரு சொல்: அப்படி எடுத்தாலே முதல் வேர் முறிந்துவிடும்.

அடியில வெள்ளையா கட்டி மாதிரி வந்திருக்கு, வேரைக் காணோம்!

அது காலஸ், காயம் ஆறும்போது வளரும் திசு. பெரும்பாலான செடிகளில் காலஸும் வேரும் தனித்தனி வேலைகள். காலஸிலிருந்துதான் வேர் முளைக்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கட்டிங் பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். கட்டி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால், கொஞ்சம் சீவிவிட்டு ஹார்மோனில் மறுபடி தொட்டு நடலாம்.

அடி கறுத்து அழுகிடுது. எந்த மருந்து அடிக்கணும்?

மருந்தை விடுங்கள், முதலில் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். வெட்டுவாயில் தொடங்கி மென்மையாக மேலே ஏறினால் அடியில் தண்ணீர் தேங்குகிறது, பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நோய்க்கிருமிகளுக்கு அதுதான் வீடு. கலவை, தட்டின் ஆழம், மிஸ்ட் இடைவெளி மூன்றையும் மேலே சொன்னபடி சரிபாருங்கள். மண்மட்டத்தில் தண்டு சுருங்கி விழுந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். இலையில் சாம்பல்நிறப் பொடி படர்ந்தால் அது போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை, உதிர்ந்த இலைகளை அள்ளாமல் விட்டதும் நெருக்கி நட்டதும்தான் வழக்கமான காரணம்.

தட்டுகளைப் பயன்படுத்தும் முன் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள். அழுகியதை உடனே எடுங்கள். இத்தனையும் செய்தால் மருந்துக்கு வேலையே இருக்காது, செய்யாவிட்டால் மருந்தும் காப்பாற்றாது.

இலை மஞ்சளாகுது. தண்ணி பத்தலையா?

பெரும்பாலும் நேர்மாறு. நாள் கணக்கில் மிஸ்ட் படும்போது இலையிலிருந்து நைட்ரஜன், பொட்டாசியம் போன்ற சத்துகள் கழுவிப் போகின்றன. வேர் இல்லாததால் திரும்ப எடுக்கவும் முடியாது. இடைவெளியைக் கூட்டுங்கள். வேர் தெரிந்ததும் நைட்ரஜன் 50 முதல் 100 பிபிஎம் வரும்படி மிக லேசான திரவ உரம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். அடி இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் கண்டுகொள்ள வேண்டாம்.

மேடையெல்லாம் பாசி, குட்டிக் கொசு மாதிரி பறக்குது.

இரண்டும் ஈரம் அதிகம் என்பதன் அறிகுறி. பறப்பது பூஞ்சைக்கொசு. அதன் புழு புது வேரைக் கடிக்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், மேல்மண் இடையிடையே காய விடுங்கள்.

நாசில் அடைச்சுக்குது, இலையில வெள்ளைத் திட்டு வேற.

கடின நீர். தண்ணீர் ஆவியானதும் அதிலிருந்த சுண்ணாம்பு இலையிலும் நாசிலிலும் தங்கிவிடுகிறது. நாசிலைக் கழற்றி வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறப்போட்டால் கரைந்துவிடும், ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பம்புக்குப் பின் வடிகட்டி கட்டாயம்.

நிறுத்திய பிறகும் நாசில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே உள்ள கட்டிங்தான் எப்போதும் முதலில் அழுகும். சொட்டு தடுக்கும் வால்வு வைத்த நாசில் வாங்குங்கள்.

இன்னொன்று: வெதுவெதுப்பான தொட்டியில் பல நாள் தேங்கிய தண்ணீரைத் துளியாக்கி மூச்சில் இழுப்பது உடம்புக்கு நல்லதல்ல, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அப்படித்தான் பரவுகிறது. தொட்டியை அவ்வப்போது காலி செய்து கழுவுங்கள்.

கரண்ட் போயிட்டா மொத்தமும் போயிடுமா?

உச்சி வெயிலில் அரை மணி நேரமே இளங்கட்டிங்கை வாட்டிவிடும். மின்சாரம் இருந்தால்தான் திறக்கும் வால்வு, இல்லாவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு என்று சொலினாய்டில் இரண்டு வகை உண்டு. குழாயில் அழுத்தம் இயல்பாகவே இருந்தால் இரண்டாவது வகை புத்திசாலித்தனம். கரண்ட் போனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் அதிகமாக நனைவது காய்ந்து போவதைவிட மேல். பம்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்றால் அந்த வித்தை பலிக்காது. கைத்தெளிப்பானும், மேலே இழுத்துப் போட இன்னொரு நிழல்வலையும் தயாராக இருக்கட்டும்.

வேர் நல்லா வந்துச்சு. வெளியில எடுத்து வெச்ச ரெண்டே நாள்ல வாடிப் போச்சு. ஏன்?

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது இங்கேதான். மிஸ்ட்டுக்குள் இருந்த இலையின் மெழுகுப்பூச்சு மெலிந்திருக்கும், இலைத்துளைகளும் தேவையான வேகத்தில் மூடப் பழகியிருக்காது. வெளிக்காற்று பட்டதும், வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை விட்டுவிடும்.

வேர் 2, 3 செ.மீ. ஆனதும் ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு பழக்குங்கள். 10 நிமிட இடைவெளியை 20 ஆக்குங்கள், அப்புறம் 40, அப்புறம் காலை மாலை மட்டும். மதியம் லேசாகத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் சரியாகப் போகிறது. காலையிலும் துவண்டே இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். பிறகு நிழலில் தொட்டி மாற்றம், கடைசியில் வெயில். காகிதப்பூவின் வேர் தொட்டாலே உடையும், கலவையோடு அப்படியே எடுத்து வையுங்கள். வேர் வந்த பிறகும் “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று மிஸ்ட்டிலேயே விடுவது பாசம் இல்லை, சத்து கழுவிப்போய்ச் செடி இளைக்கும்.

ஏரோபோனிக்ஸ்ல வேருக்கே மிஸ்ட் அடிக்கிறாங்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அங்கே தண்டின் அடி கலவை இல்லாமல் இருட்டுப் பெட்டிக்குள் தொங்கும், துளி அடியில் படும். இங்கே இலையில் படுகிறது. அடியில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் வேர் நன்றாகத்தான் வரும். ஆனால் இலைக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் மேலே மூடாக்கோ ஈரக்காற்றோ தனியாக வேண்டும். பம்ப் நின்றால் தாங்கும் நேரமும் குறைவு.

வீட்டுக்குள்ள இருக்கிற செடிக்குத் தினமும் ஸ்பிரே அடிச்சா ஈரப்பதம் கூடுமா?

சில நிமிடம் கூடும், அப்புறம் அறையோடு கலந்துவிடும். வேருள்ள செடிக்கு அதனால் பெரிய பயன் இல்லை, இலைத் தூசி போகும். ஈரப்பதம் உண்மையிலேயே வேண்டும் என்றால் செடிகளை நெருக்கி வையுங்கள் அல்லது ஹியூமிடிஃபையர் வையுங்கள்.

மஞ்சள் ஓரம் வெச்ச சான்சிவேரியா இலையை வெட்டி நட்டா, குட்டி வெறும் பச்சையா வருது. மிஸ்ட்டால நிறம் போயிடுச்சா?

மிஸ்ட் மேல் பழி போடாதீர்கள். ஆனால் சதைப்பற்றுள்ள இலையை மிஸ்ட்டில் வைத்ததே வேண்டாத வேலை, முன்பே சொன்னேன். அந்த மஞ்சள் ஓரம், வெவ்வேறு மரபணு கொண்ட திசு அடுக்குகள் ஒரே செடியில் சேர்ந்திருப்பதால் வருவது. இலைத்துண்டில் புதுக் குருத்து ஒரு அடுக்கிலிருந்து மட்டும் கிளம்புவதால் அடுக்கமைப்பு கலைந்து பச்சையாக வருகிறது. நிறம் மாறாமல் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள். குரோட்டன்ஸ் மாதிரிச் செடிகளில் இந்தக் கவலை இல்லை. கணுவில் ஏற்கெனவே இருக்கும் மொட்டுதான் வளர்கிறது, தாய்ச்செடியின் நிறமே வரும். எப்போதாவது ஒரு கிளை வெறும் பச்சையாகக் கிளம்பினால் அதை அடியோடு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே மற்றதை அமுக்கி வளர்ந்துவிடும்.